அத்தியாயம் 6: விற்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

நண்டுத் தொட்டிக்கான நாட்காட்டியை விற்கும் நாளில் தொடங்கிப் பின்னோக்கி எழுத வேண்டும். தமிழ்நாட்டில் குளம் வைத்திருப்பவர் ஐப்பசி மழையைப் பார்த்துத்தான் நண்டு விடுவார். கிள்ளை, பிச்சாவரம் பக்கத்துக் கழிமுகங்களில் சித்திரை, வைகாசியில் உப்பு ஏறும். வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் உப்பு சட்டென்று இறங்கிவிடும். அங்கே தண்ணீர்தான் பருவம். சிங்கப்பூரில் குளிரான மாதத்துக்கும் சூடான மாதத்துக்கும் சராசரி வெப்பநிலையில் ஏறக்குறைய இரண்டு டிகிரிதான் வித்தியாசம். டிசம்பரிலும் நண்டு தின்னும், மே மாதத்திலும் தின்னும். வெப்பத்தை மட்டும் பார்த்தால் வருடம் முழுவதும் வளர்க்கலாம்.

அப்படியென்றால் இங்கே பருவமே இல்லையா? இருக்கிறது. தேக்கா சந்தையிலும் சீனப் புத்தாண்டுக் கடைகளிலும் நண்டு தேடப்படும் நாட்கள் ஒன்று. ஓடு கழற்றிய நண்டு மலிவாகக் கிடைக்கும் நாட்கள் இன்னொன்று. உங்கள் தொட்டித் தண்ணீர் தாங்கும் நாட்கள் மூன்றாவது. இந்த மூன்றும் தானாக ஒன்றுசேராது. சேர்த்துவைப்பதுதான் வளர்ப்பவரின் வேலை. இந்த அத்தியாயத்தில் அதை மட்டும் பார்க்கிறோம்.

இங்கே சொல்வது பெரும்பாலும் கொழுக்க வைப்பவருக்கானது. சதை பிடிக்காத பெரிய நண்டை வாங்கி, பெட்டிக்கு ஒன்றாக வைத்து, மூன்று நான்கு வாரம் தீனி போட்டு, நிறைந்ததும் விற்பது. குஞ்சு நண்டை விட்டு ஐந்தாறு மாதம் வளர்ப்பது குளமும் கழிமுகமும் உள்ள ஊருக்குச் சரி. சீர்காழிக்கு அருகே தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் நண்டுக் குஞ்சுப் பொரிப்பகம் நடத்துகிறது. அங்கிருந்து குஞ்சு வாங்கிக் குளத்தில் விடும் தமிழ்நாட்டு விவசாயிக்கு நிலம் இருக்கிறது. இங்கே இடத்தின் வாடகை ஒவ்வொரு வாரமும் ஏறிக்கொண்டே போகும். சேர்த்து வளர்த்தால் நண்டு நண்டைத் தின்னும். எனவே குறைந்த நாளில் கைமாறும் வேலைதான் சிங்கப்பூருக்குப் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. விற்பனைக்கு வளர்க்கவும் உயிர் நண்டை இறக்குமதி செய்யவும் சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமமும் அனுமதியும் வேண்டும். அதை முடித்துவிட்டுப் பெட்டி வாங்குங்கள்.

தண்ணி நண்டு

ஓடு கழற்றிய நண்டு பெரிதாகத் தெரிவது தண்ணீரால். புது ஓடு மென்மையாக இருக்கும்போது அது நிறைய நீரை உறிஞ்சிக்கொண்டு உடலை விரிக்கிறது. பிறகு ஓடு இறுகுகிறது. உள்ளே சதை நிரம்ப வாரங்கள் ஆகும். அந்த இடைக்காலத்து நண்டை வியாபாரிகள் தண்ணி நண்டு என்று ஒதுக்குவார்கள். வேகவைத்தால் கொடுக்குக்குள் தண்ணீரும் சுருங்கிய நாரும்தான் இருக்கும். அதன் விலை நிறைந்த நண்டின் விலையைவிட நன்றாகக் குறைவு. நீங்கள் காசு பார்ப்பது அந்த இடைவெளியில்தான். கொழுக்க வைப்பதில் எடை கொஞ்சம்தான் கூடும், மாறுவது தரம். எடையைக் கணக்கிட்டுத் தொழிலில் இறங்குகிறவர் ஏமாந்துபோவார்.

அமாவாசைக்கு நண்டு நிறைந்திருக்கும், பௌர்ணமிக்கு வற்றிப்போகும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கழிமுகத்தில் பிடிக்கும் நண்டுக்கு ஓதத்தோடும் நிலவோடும் தொடர்பு உண்டு. பெரிய ஓதம் வரும் நாட்களில் நண்டு அதிகம் நடமாடும், அதிகம் பிடிபடும். ஆனால் தேக்காவில் உங்கள் கையில் இருக்கும் நண்டு எந்தத் திதியில் பிடிபட்டது, எத்தனை நாள் பெட்டியில் இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அது நிறைந்ததா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது கடைசியாக ஓடு கழற்றி எத்தனை நாள் ஆயிற்று என்பதுதான். எனவே திதியை விட்டுவிட்டு ஓட்டைப் படியுங்கள்.

புது ஓடு பளிச்சென்றும் சுத்தமாகவும் இருக்கும். பாசி, கொட்டலசு ஒட்டியிருக்காது. கொடுக்கின் பற்கள் தேயாமல் கூராக இருக்கும். வயிற்றுப்புறம் வெளுத்திருக்கும். கடைசி நீச்சல் கால் முளைக்கும் இடத்துக்கு அருகே, வயிற்றுப்புற ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக உள்வாங்கும். பழைய ஓடு மங்கிப்போயிருக்கும். பழுப்பேறிய வயிறு, தேய்ந்த பற்கள், அழுத்தினால் கல் மாதிரி நிற்கும் ஓடு. அது நிறைந்த நண்டு, அதை வாங்கிக் கொழுக்க வைக்க ஒன்றுமில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே, ஓடு இறுகிவிட்டது ஆனால் சதை இல்லை என்ற நிலையில் உள்ளதுதான் உங்களுக்கு வேண்டும். அழுத்தினால் மிகவும் வளையும் நண்டை வாங்காதீர்கள். பயணத்திலேயே அடிபட்டிருக்கும், பாதி தேறாது.

எல்லாச் சேற்று நண்டும் ஒன்றல்ல. 1998இல் கீனன், டேவி, மேன் என்ற ஆய்வாளர்கள் இந்தப் பேரினத்தை நான்கு இனங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். வளர்ப்பவருக்கு அந்தப் பிரிவு மிகவும் பயன்படும், ஏனென்றால் உப்பைத் தாங்கும் குணம் இனத்துக்கு இனம் வேறு. கால்கள் எல்லாவற்றிலும் வலைப்பின்னல் போன்ற கோலம், கண்களுக்கு நடுவே உயர்ந்த முட்கள், கொடுக்குக்குப் பின்னுள்ள கணுவில் இரண்டு கூரான முட்கள் என்று இருந்தால் அது சில்லா செராட்டா. இலங்கை நண்டு என்று இங்கே பெயர்பெற்ற பெரிய நண்டு பெரும்பாலும் இதுதான். ஆண்டின் பெரும்பகுதி கடல் உப்பு குறையாத இடத்து நண்டு இது. கோலமே இல்லாமல், நெற்றி முட்கள் மழுங்கி, கொடுக்கு செம்பழுப்பாக இருந்தால் ஒலிவேசியா. கடைசி இரண்டு ஜோடிக் கால்களில் மட்டும் கோலம் தெளிவாக இருந்தால், தரங்கம்பாடியின் பெயரால் அறியப்படும் ட்ராங்குபாரிகா. இவை இரண்டும் மழைக்காலத்தில் உப்பு இறங்கும் சேற்றில் வாழப் பழகியவை. நான்காவதான பராமமோசைன் வியட்நாமிலிருந்து வரும் சரக்கில் நிறைய இருக்கும். ஒரே தொட்டிச் சுற்றில் செராட்டாவையும் ஒலிவேசியாவையும் கலந்து வைத்தால் 20 முதல் 25 பிபிடி (ஆயிரத்தில் இத்தனை பங்கு) உப்பு இரண்டுக்கும் ஒத்துப்போகும். செராட்டா மட்டும் என்றால் 25க்குக் குறையாமல் வைப்பது நல்லது.

ஆண்டு எப்படி ஓடுகிறது

சிங்கப்பூரின் ஆண்டு மழை 2,100 மில்லிமீட்டருக்கு மேல். வடகிழக்குப் பருவமழையின் ஈரமான பகுதி டிசம்பரிலும் ஜனவரி முற்பகுதியிலும். டிசம்பர் ஒரு மாதத்தில் மட்டும் சராசரியாக 300 மில்லிமீட்டரைத் தாண்டிப் பெய்யும். ஜனவரி பிற்பகுதியில் மழை ஓய்ந்து காற்று மட்டும் வீசும், பிப்ரவரி வறண்டிருக்கும். மார்ச் கடைசி முதல் மே வரை காற்றில்லாத புழுக்கம், பிற்பகலில் இடியும் மழையும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடிகாலையில் சுமத்ராப் பக்கமிருந்து சூறைக்காற்று வந்து அடித்துவிட்டுப் போகும்.

கூரைக்குக் கீழே, மூடிய சுற்றில் வளர்ப்பவருக்கு இந்த மழை நேராகத் தொட்டியில் விழாது. ஆனால் தண்ணி நண்டு வரும் வழியில் விழுகிறது. இலங்கையின் வடக்கு, கிழக்குக் களப்புகளிலும் தமிழ்நாட்டுக் கழிமுகங்களிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. அந்த நாட்களில் வரும் நண்டு, உப்பு குறைந்த தண்ணீரிலிருந்து பிடிபட்டதாக இருக்கலாம். அதை 30 பிபிடி தண்ணீரில் இறக்கினால் அதிர்ந்துபோகும். அனுப்பியவரிடம் எந்தத் தண்ணீரில் பிடித்தது என்று கேட்டுவையுங்கள். தெரியாவிட்டால் 18 முதல் 20 பிபிடியில் தொடங்கி, நாளுக்கு மூன்று நான்கு பிபிடி என்ற அளவில் ஏற்றுங்கள்.

தீனிக்கும் காலம் உண்டு. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அங்கே கொழுக்க வைப்பவர் கழிவு மீன் இல்லாமல் திண்டாடும் காலம் அது. நாம் தேக்காவிலும் மற்ற ஈரச்சந்தைகளிலும் மீன் வெட்டிய துண்டுகளை வாங்கலாம், ஜொகூர் நீரிணையில் வளரும் பச்சைச் சிப்பியும் கிடைக்கும். சிப்பிச் சதைதான் நண்டுக்கு நான் முதலில் சொல்லும் தீனி. இறால் தலையை மட்டும் தவிருங்கள். வெண்புள்ளி நோய்க் கிருமியை நண்டு தன் உடலில் தாங்கிக்கொண்டு திரியும். அது பரவ எளிய வழி பச்சை இறால் கழிவு.

ஏப்ரல், மே மாதங்களில் வெயிலைக் கவனிக்க வேண்டும். 2023 மே 13இல் ஆங் மோ கியோவில் 37.0 டிகிரி பதிவானது. 1983 ஏப்ரலில் தெங்காவில் பதிவான அதே உச்சம். தகரக் கூரைக்குக் கீழே காற்றோட்டமில்லாத கொட்டகையில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டினால் நண்டு தின்னும் வேகம் குறையும், தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும், மீந்த தீனி சீக்கிரம் கெடும். மூன்றும் ஒரே இரவில் சேர்ந்துவிடும். அந்த மாதங்களில் பெட்டிகளில் ஐந்தில் ஒன்றைக் காலியாக வையுங்கள். நீர் சுற்றும் வேகத்தைக் கூட்டுங்கள். தொட்டியின் மேல் நிழல் வலை போடுங்கள். குளிரூட்டி வாங்குவதைவிட இது மலிவு.

வாங்குகிறவரின் நாட்காட்டி இதன் மேல் உட்காருகிறது. சீனரின் ஏழாம் மாதத்தில் கல்யாண விருந்து குறைவு. அதை ஒட்டியே நம் புரட்டாசி வரும், செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை. லிட்டில் இந்தியாவில் அசைவம் குறைந்து, தேக்காவின் மீன் வரிசையில் கூட்டம் மெலிந்திருக்கும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப விரதம், தையில் பூச விரதம் என்று தமிழ் வாடிக்கையாளர் இன்னும் சில வாரங்கள் விலகியிருப்பார். மறுபக்கம், கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு, சீனப் புத்தாண்டு என்று டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை நண்டுக்கு ஓய்வே இருக்காது. 1956இல் சேர் யாம் தியென் என்ற பெண்மணி காலாங் ஆற்றங்கரையில் தள்ளுவண்டியில் விற்கத் தொடங்கிய மிளகாய் நண்டு இன்று ஊரின் அடையாளம். அதனால் பண்டிகை இல்லாத நாளிலும் உணவகங்கள் வாங்கும். ஆனால் விலை உங்கள் பக்கம் சாய்வது பண்டிகைக்கு முந்திய பத்து நாட்களில்தான்.

ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை தொட்டிகளைக் காய வையுங்கள். வடிகட்டியைத் திறந்து, குழாயில் படிந்த வழுவழுப்பைச் சுரண்டி, பெட்டிகளை வெயிலில் போட்டு எடுக்க இதைவிட நல்ல காலம் கிடைக்காது. மெலிந்த மாதத்திலும் கொஞ்சமாவது ஓட்டலாமே என்று நினைப்பவர், கூட்டமான மாதத்தில் நோயோடு மல்லுக்கட்டுவார்.

ஒரு கணக்கு

2027 சீனப் புத்தாண்டு பிப்ரவரி 6, சனிக்கிழமை. குடும்பம் ஒன்றுகூடும் விருந்து அதற்கு முந்திய இரவு. நண்டு கேட்பது ஜனவரி 28 வாக்கில் சூடுபிடித்து, புத்தாண்டின் பதினைந்தாம் நாளான பிப்ரவரி 20 வரை நீளும்.

ஜனவரி 28இலிருந்து பின்னோக்கி வாருங்கள். விற்குமுன் ஒரு நாள் தீனி நிறுத்த வேண்டும். குடல் காலியானால் கட்டிய நண்டு பயணத்தில் நாறாது. அதற்கு முன் 25 முதல் 30 நாள் கொழுப்பு. அதற்கு முன் வந்த நண்டு நிதானமாக மூன்று நாள். ஆக, முதல் தொகுதி டிசம்பர் 25க்குள் தொட்டியில் இருக்க வேண்டும். ஆனால் டிசம்பர் கடைசி வாரத்தில் விமானச் சரக்கு நெரிசலாக இருக்கும், இங்கேயும் அங்கேயும் மழை, பெட்டி தாமதமானால் நண்டு சாகும். எனவே டிசம்பர் 12க்கும் 20க்கும் நடுவே வாங்குங்கள். முன்னதாக வந்த நண்டு நிறைந்துவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. தீனியைப் பாதியாகக் குறைத்து இரண்டு வாரம் வைத்திருக்கலாம். பிந்தி வந்த நண்டை எதைப் போட்டும் அவசரப்படுத்த முடியாது.

இன்னும் பின்னால் போங்கள். தண்ணீரைச் சுத்திகரிக்கும் நுண்ணுயிரிகள் வடிகட்டியில் குடியேற ஐந்தாறு வாரம் ஆகும். டிசம்பர் 12இல் முழுச் சுமை ஏற வேண்டுமென்றால் நவம்பர் முதல் தேதியே தொட்டியில் உப்புத் தண்ணீர் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். 2026இல் தீபாவளி நவம்பர் 8. அந்த அலைச்சலில் இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய. தள்ளிப்போடாதீர்கள். நவம்பர் கடைசியில் பெட்டிகளில் கால்வாசிக்கு நண்டு விடுங்கள். அந்தக் கழிவில் நுண்ணுயிரி பெருகும். அந்த நண்டு கிறிஸ்துமஸ், புத்தாண்டு விருந்துக்குப் போய்விடும், பெரிய தொகுதிக்கு வடிகட்டி தயாராக இருக்கும்.

அதாவது பிப்ரவரி விருந்துக்கு நீங்கள் வேலை தொடங்குவது புரட்டாசி முடிந்த கையோடு. இந்த ஒரு கணக்கைச் சுவரில் ஒட்டிவைத்தால் போதும், மற்றப் பண்டிகைகளுக்கும் இதே வழியில் எண்ணிக்கொள்ளலாம்.

வந்த நாள்

விமானத்தில் வந்த நண்டு இரண்டு மூன்று நாள் தண்ணீரைப் பார்த்திருக்காது. செவுள் ஈரமாக இருக்கும்வரை அது உயிரோடிருக்கும், ஆனால் அந்த நேரமெல்லாம் அம்மோனியாவை வெளியேற்ற முடியாமல் உடலுக்குள் சேர்த்துவைத்திருக்கிறது. தண்ணீரில் இறங்கியதும் முதல் ஒரு மணி நேரத்தில் நிறைய அம்மோனியாவைக் கொட்டும். நேராக வளர்ப்புத் தொட்டியில் இறக்கினால் அத்தனையும் உங்கள் வடிகட்டிக்குப் போகும். எனவே வரவுக்கென்று தனித் தொட்டி வையுங்கள். முதலில் உப்புத் தண்ணீர் தெளித்து கால் மணி நேரம். பிறகு வயிறு நனையும் அளவு தண்ணீர். செவுள் அறையில் அடைபட்ட காற்று குமிழிட்டு வெளியேறியதும் முழுவதும் மூழ்கும் அளவு. ஒரு மணி நேரம் கழித்து அந்தத் தண்ணீரை முழுவதும் கொட்டிவிடுங்கள். புதுத் தண்ணீரில் ஒரு நாள் வைத்து, காலைத் தொட்டால் விறைக்கிறதா, கண்ணை உள்ளிழுக்கிறதா என்று பார்த்துப் பெட்டிக்கு மாற்றுங்கள். அன்று தீனி வேண்டாம்.

நண்டைப் பெட்டிக்குள் வைத்த பிறகே அதன் கட்டை அவிழுங்கள். அவிழ்த்த கயிற்றை எடைபோட்டுப் பாருங்கள். ஊறிய தடிக் கயிறு உங்கள் கொள்முதல் எடையில் எவ்வளவு என்று தெரிந்துகொண்டால், அடுத்த முறை விலை பேசும்போது உதவும்.

செவுளில் சின்னஞ்சிறு கொட்டலசு போன்ற ஒட்டுண்ணி இருக்கும், உப்பு மிகுந்த நீரிலிருந்து வரும் நண்டில் அதிகம். நன்னீரில் சில நிமிடம் முக்கியெடுப்பது உதவும், ஆனால் அதை வந்த அன்றே செய்யாதீர்கள். மூன்றாம் நாள், நண்டு தேறிய பிறகு செய்யுங்கள்.

தண்ணீரும் தீனியும்

இங்கே குழாய்த் தண்ணீரைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஊரில் குளோரின் கலந்த தண்ணீரை வாளியில் ஓர் இரவு திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும் என்று பழகியிருப்போம். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் கிருமிநாசினியாக இருப்பது குளோராமின். அது ஓர் இரவில் போகாது. சோடியம் தயோசல்பேட் போன்ற நீக்கியைக் கலக்க வேண்டும். கலந்த பிறகும் கொஞ்சம் அம்மோனியா மிஞ்சும். எனவே புதிதாகக் கரைத்த தண்ணீரை இரண்டு நாள் தனித் தொட்டியில் காற்றூதி வைத்து, அளந்து பார்த்த பிறகே சுற்றில் சேருங்கள்.

உப்பு கடல் உப்புக் கலவையாக இருக்க வேண்டும். சமையல் உப்பைக் கரைத்தால் உப்புமானி 25 காட்டும், ஆனால் அதில் கால்சியமும் மக்னீசியமும் இல்லை. அந்தத் தண்ணீரில் புது ஓடு சரியாக இறுகாது. தொட்டித் தண்ணீர் ஆவியாகிக் குறைவதை ஈடுகட்ட நன்னீரைத்தான் சேர்க்க வேண்டும், உப்பு ஆவியாவதில்லை. பிப்ரவரி வறட்சியில், காற்று வீசும் கொட்டகையில், இதைக் கவனிக்காமல் விட்டால் உப்பு மெல்ல மெல்ல ஏறிவிடும்.

கார அமில நிலை (pH) 7.5 முதல் 8.5. அம்மோனியாவும் நைட்ரைட்டும் முடிந்தவரை பூஜ்யத்தை ஒட்டி. இரண்டும் சரியாக இருக்கும் தொட்டியில்கூட மூன்றாவது வாரத்தில் கார அமில நிலை இறங்கத் தொடங்கும், ஏனென்றால் நுண்ணுயிரி ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற ஏழு கிராமுக்கு மேல் காரத்தன்மையைச் செலவழிக்கிறது. சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, ஒரே நேரத்தில் கொட்டாமல், நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போக விடாதீர்கள். மின்சாரம் நின்றால் ஓட ஒரு மின்கல ஊதி எப்போதும் தயாராக இருக்கட்டும்.

தீனி உடல் எடையில் 5 முதல் 8 விழுக்காடு. 600 கிராம் நண்டுக்கு 30 முதல் 48 கிராம். நண்டு இருட்டில் தின்னும், எனவே அந்தி சாய்ந்த பிறகு போடுங்கள். விடியற்காலையில் மிச்சத்தை எடுங்கள். இந்த விடியற்காலை வேலையைச் செய்ய மனமில்லாதவர் நண்டு வளர்க்க வர வேண்டாம் என்பேன். வடிகட்டியின் விலை எவ்வளவானாலும், அழுகும் மீன்துண்டை அது உங்களுக்காக எடுத்துப்போடாது. மிச்சம் பெட்டிக்குப் பெட்டி வேறுபடும். தின்னாத பெட்டியைக் குறித்துவையுங்கள். இரண்டு நாள் தின்னாத நண்டு ஒன்று நோயாளி, இல்லையென்றால் ஓடு கழற்றப் போகிறது.

ஓடு கழற்றப் போவதை அடையாளம் காண ஒடிந்த காலைப் பாருங்கள். ஒடிந்த இடத்தில் சின்ன மொட்டு முளைத்து, பருத்து, சிவந்து வரும். ஓட்டின் பின்விளிம்பில் பிளவு தெரியும். கொழுக்க வைப்பவருக்கு இது நட்டம், அந்த நண்டு திரும்பவும் தண்ணி நண்டாகிவிடும். பெரிய நண்டாக வாங்கினால் இந்த நட்டம் குறையும், ஏனென்றால் நண்டு பெரிதாக ஆக ஆக ஓடு கழற்றும் இடைவெளி நீளும். கழற்றியே விட்டால் மென்னோட்டு நண்டாக விற்கலாம். ஆனால் நேரம் மிகக் குறைவு. மூன்று நான்கு மணி நேரத்துக்குள் எடுத்துக் குளிர்விக்காவிட்டால் ஓடு தடிக்கத் தொடங்கிவிடும். சில ஊர்களில் மென்னோட்டு நண்டுக்காகவே கொடுக்கையும் கால்களையும் பிடுங்கிவிட்டு ஓடு கழற்றத் தூண்டுவார்கள். அது கொடுமை. உயிரோடு இருப்பதைச் சிதைத்து நாலு நாள் முந்துவதில் இந்தத் தொழிலுக்கு ஒரு பெருமையும் இல்லை. இந்த நூலில் அந்த முறையைச் சொல்லித்தரப் போவதில்லை.

நீரிணையில் கூண்டு வைத்தவருக்கு

கடலில் மிதக்கும் கூண்டில் வளர்ப்பவரின் கணக்கு வேறு. 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர்ப் பாலம் நீரிணையை இரண்டாக அடைத்துவிட்டது. கிழக்குத் தண்ணீரும் மேற்குத் தண்ணீரும் கலப்பதில்லை, இரண்டு பக்கமும் நீர் மாறுவது மந்தம். மழையில் ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் சத்து அங்கேயே தங்குகிறது. மழை ஓய்ந்து வெயில் அடிக்கும் பிப்ரவரியில் பாசி பொங்கும். 2014இல் நீரிணையில் 39 பண்ணைகள் சுமார் 160 டன் மீனை இழந்தன. 2015 பிப்ரவரி, மார்ச்சில் 77 பண்ணைகள் 500 முதல் 600 டன் வரை இழந்தன. 2017 ஜனவரியில் பாசிர் கூடாங் அருகே கப்பல் மோதி எண்ணெய் சிந்தியதும் அதே மாதங்களை ஒட்டித்தான்.

மழை நாட்களில் நன்னீர் மேலே மிதக்கும், உப்புத் தண்ணீர் கீழே கிடக்கும். டிசம்பரில் பெட்டியை ஒரு மீட்டர் இறக்கிவைத்தால் உப்பு ஏற்ற இறக்கம் குறையும். பிப்ரவரியில் இதற்கு நேர்மாறு. பாசி மடிந்து அழுகும்போது ஆக்சிஜன் முதலில் தீர்வது அடியில். குளத்தில் விட்ட நண்டு அந்த நேரத்தில் கரையேறிக் காற்றை மூச்சிழுத்துப் பிழைத்துக்கொள்ளும். முழுவதும் மூழ்கிய பெட்டிக்குள் இருப்பது அப்படியே செத்துப்போகும். எனவே ஜனவரி பிற்பகுதியில் பெட்டிகளை மேலே தூக்கி, மேல்விளிம்பு நான்கு விரல் தண்ணீருக்கு வெளியே இருக்கும்படி கட்டுங்கள். நண்டு தானே மேலே ஏறி வந்தால் அதுவே எச்சரிக்கை. அட்டமி, நவமியை ஒட்டிய நாட்களில் ஓதம் மந்தமாக இருக்கும், நீர் அதிகம் மாறாது. அந்த நாட்களில் தீனியைப் பாதியாக்குங்கள், விடியுமுன் ஆக்சிஜனை அளந்து பாருங்கள். தண்ணீர் நிறம் மாறினால் யோசிக்காமல் நண்டை எடுத்து ஈரச் சாக்கில் போட்டு நிழலில் வையுங்கள். மீனுக்கு இல்லாத ஒரு வசதி நண்டுக்கு இருக்கிறது. இரண்டு நாள் தண்ணீர் இல்லாமல் அது தாங்கும், அதற்குள் நிலைமை தெரிந்துவிடும்.

காட்டு நண்டைப் பிடித்துத் தொட்டியை நிரப்பலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். 1993இல் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்ட சுங்கை பூலோ ஒரு காலத்தில் இறால் குளங்களாக இருந்த இடம். இப்போது அங்கே நண்டு பிடிப்பது சட்டப்படி குற்றம். மிஞ்சியிருக்கும் கொஞ்சம் சதுப்புநிலக் காட்டில் அது பெருகட்டும். இறக்குமதியிலும் வயிற்றின் வெளியே முட்டை சுமந்த பெண் நண்டு வந்தால் மறுத்துவிடுங்கள். பெண் நண்டு முட்டையோடு கழிமுகத்தை விட்டுக் கடலுக்குப் போகும் பயணத்தில் பிடிபட்டது அது. ஒன்றின் வயிற்றில் பத்து லட்சத்துக்கு மேல் முட்டை இருக்கும். தேவை இருக்கும்வரை பிடிப்பார்கள், எனவே வாங்குகிறவர் மறுத்தால்தான் இது நிற்கும். வயிற்றுக்குள் சிவந்த கரு நிறைந்த பெண் நண்டு வேறு, அதைத்தான் சந்தை தேடுகிறது. இதுவரை சொன்ன கணக்கிலேயே அதையும் கொழுக்க வைக்கலாம். கரு நிறைய இன்னும் ஒன்றிரண்டு வாரம் கூட ஆகும் என்பதால் பெண் நண்டைத் தனி வரிசையில் வைத்து, வாங்கும் தேதியைப் பத்து நாள் முன்தள்ளிக்கொள்ளுங்கள்.

எடுக்கும் நாளில் அதே கட்டைவிரல் சோதனைதான். அழுத்தினால் வளையாதது மட்டும் போகட்டும், வளைவது இன்னொரு வாரம் இருக்கட்டும். பண்டிகைக்கு முந்திய நாளில் கடைக்காரர் எவ்வளவு நச்சரித்தாலும் வளையும் நண்டைக் கொடுக்காதீர்கள். கொடுக்கையும் காலையும் உடம்போடு சேர்த்துக் கட்டி, உப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சாக்கை மேலும் கீழும் விரித்து, ஓட்டின் மேற்புறம் மேலே இருக்கும்படி அடுக்குங்கள். பனிக்கட்டி நண்டைத் தொடக்கூடாது. பெட்டியில் காற்று போக ஓட்டை இருக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் தொட்டிக்கு வந்த தேதி, வந்தபோது எடை, எடுத்தபோது எடை மூன்றையும் எழுதி, அந்தத் தாளின் இன்னொரு படியை உங்கள் கொட்டகையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நவம்பரில் எந்த நாட்டு நண்டுக்கு எத்தனை நாள் என்று பார்க்க அதுதான் கணக்கு.